பழைய பேஸ்பால் அட்டைகள்: முதல் ஆயிரம் டாலரை எங்கே செலவிடுவது?

கேள்வி: நியூஜெர்சியில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். பேஸ்பால் ஆட்டம் என் மகள் மூலமாகத்தான் எனக்குப் பழக்கமாயிற்று. இப்போது இருவரும் சேர்ந்து, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேகரிக்க விரும்புகிறோம். தொடக்கமாக 1,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். எந்தக் காலத்து அட்டைகளில் தொடங்குவது? தரச்சான்று பெற்றவற்றை மட்டும்தான் வாங்க வேண்டுமா? தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது என்று சொல்லி, 1952ஆம் ஆண்டின் மிக்கி மேண்டில் அட்டையை 900 டாலருக்குத் தருவதாக ஒருவர் இணையத்தில் விளம்பரம் செய்திருக்கிறார், அதை வாங்கலாமா? மகளின் கல்லூரிச் செலவுக்கு இவை ஒரு சேமிப்பாக அமையுமா?

பதில்: உங்கள் கேள்விகளில் அவசரமானது அந்த விளம்பரம் என்பதால் அதற்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். டாப்ஸ் என்ற அட்டை நிறுவனம் 1952இல் வெளியிட்ட வரிசையின் 311ஆம் எண் மேண்டில் அட்டை, மூலைகள் மழுங்கி நடுவே மடிப்பு விழுந்திருந்தாலும், அசல் என்று உறுதியாகிவிட்டால் பத்தாயிரம் டாலருக்கும் மேலே விலைபோகக்கூடியது. அதன் மிகச் சிறந்த பிரதி ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கைப்பேசியில் பெயரைத் தட்டினாலே இந்த விவரமெல்லாம் கிடைக்கும் காலத்தில், விளம்பரம் கொடுக்கத் தெரிந்தவருக்கு விலை மட்டும் தெரியாமல் போயிற்று என்று நம்ப இடமில்லை. டாப்ஸ் நிறுவனமே 1983இல் அந்த வரிசையை மறுபதிப்புச் செய்து விற்றிருக்கிறது. அசல் அட்டை 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. மறுபதிப்போ 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலம் என்ற சிறிய அளவில், மறுபதிப்பு என்ற குறிப்போடு வெளிவந்தது. அந்தக் குறிப்பைச் சுரண்டி, ஓரங்களைத் தேய்த்து, தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றி விற்பவர்களும், அசல் அளவிலேயே போலி அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். தாத்தாவின் பெட்டி, பரண், காலமான மாமா ஆகிய மூன்றில் ஒன்று விளம்பரத்தில் தென்பட்டால், கதையை விட்டுவிட்டு அட்டையை மட்டும் பார்ப்பது நல்லது.

மேண்டில் அட்டைக்கு ஏன் இவ்வளவு விலை என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் துறையின் போக்கு பிடிபடும். அது அவருடைய முதல் அட்டை அன்று. முதல் அட்டை 1951இல் போமன் நிறுவனம் வெளியிட்ட 253ஆம் எண். எண்ணிக்கையில் மிக அரிதானதும் அன்று. கடைசித் தொகுதியைச் சேர்ந்த மற்ற பெரும்பாலான அட்டைகளைவிட அது அதிகமாகவே அச்சிடப்பட்டது. 407 அட்டைகள் கொண்ட அந்த வரிசையின் கடைசித் தொகுதி, அதாவது 311 முதல் 407 வரையிலானவை, ஆட்டப் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் சரியாக விற்பனையாகவில்லை. பல ஆண்டுகள் கிடங்கில் தேங்கிக் கிடந்த அந்த மிச்சத்தை 1960இல் குப்பைப் படகில் ஏற்றி, உங்கள் நியூஜெர்சிக் கடற்கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்ததாக, அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். யாங்கீஸ் அணியின் பெருவீரர், டாப்ஸின் முதல் பெரிய வரிசை, கடலில் போன மிச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த விலை. அரிது என்பதால் மட்டும் ஓர் அட்டைக்கு விலை ஏறிவிடுவதில்லை. அதை விரும்பித் தேடுபவர்கள் எத்தனை பேர் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. எல்லோரும் தேடும் அட்டையில் போலியும் அதிகம் என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அது ஏற்ற இடமன்று.

எந்தக் காலம் என்ற கேள்விக்கு வருகிறேன். சேகரிப்போர் வழக்கில், பொதுவாக 1980 வரை வந்தவையே பழைய அட்டைகள். 1956இல் போமனை விலைக்கு வாங்கிய டாப்ஸ், அதன்பின் கால் நூற்றாண்டு ஏறத்தாழத் தனியாட்சி செய்தது. 1981இல் ஃப்ளியர், டான்ரஸ் ஆகிய போட்டி நிறுவனங்கள் களத்தில் இறங்கியதும் அது முடிவுக்கு வந்தது. 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் எல்லா நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டுத் தள்ளியதால், அந்தக் காலத்துப் பெட்டிகள் பிரிக்கப்படாமலேயே இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. கராஜ் விற்பனைகளில் உங்கள் கண்ணில் படுபவற்றில் பெரும்பகுதி இவைதாம். மகள் உறை பிரித்து மகிழ்வதற்கு வாங்கலாமே தவிர, பழைய அட்டை என்ற கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

மறுமுனையில் இருப்பவை சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் வைத்துத் தரப்பட்ட அட்டைகள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி தன் பல்வேறு சிகரெட்டுப் பெயர்களில் வெளியிட்ட டி206 வரிசை இவற்றில் புகழ்பெற்றது. அதிலுள்ள ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. டி என்பது இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளைக் குறிக்கும். சிராக்கியூஸ் நகரத் தொழிலாளியான ஜெஃபர்சன் பர்டிக், மூட்டுவாதம் வருத்திய கைகளோடு வாழ்நாள் முழுவதும் அட்டைகளைத் திரட்டி உருவாக்கிய பட்டியலின் குறியீடு அது. இன்றும் விற்பவரும் வாங்குபவரும் அதையே கையாளுகிறார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகள் அடங்கிய தம் சேகரத்தை அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் அந்த அருங்காட்சியகம் அவற்றில் சிலவற்றை மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைப்பதுண்டு. எதையும் வாங்கும் முன் மகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அசல் அச்சின் நிறமும் தாளின் தன்மையும் திரையில் தெரிவதில்லை. டி206 வரிசையில் புகழ்பெறாத ஆட்டக்காரர்களின் தேய்ந்த அட்டைகள் இன்றும் நூறு டாலருக்குள் கிடைப்பதுண்டு என்றாலும், அதை உங்கள் இரண்டாவது கட்டமாக வைத்துக்கொள்ளுமாறே சொல்வேன்.

முதல் கட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது 1956ஆம் ஆண்டு டாப்ஸ் வரிசை. அதிலும் முழு வரிசையை அல்ல, ஒரே ஓர் அணியை. 340 அட்டைகள் கொண்ட அந்த வரிசை முழுவதற்கும் உங்கள் தொகை போதாது. ஆனால் ஓர் அணிக்குரியவை சில பத்துகளுக்குள் அடங்கிவிடும். நியூஜெர்சியில் இருப்பவருக்கு நான் சொல்லக்கூடிய அணி புரூக்ளின் டாட்ஜர்ஸ். முந்தைய ஆண்டான 1955இல் யாங்கீஸை ஏழாவது ஆட்டத்தில் வென்று, புரூக்ளினில் இருந்த காலத்தில் தாம் பெற்ற ஒரே உலகத் தொடர் வெற்றியைச் சுவைத்திருந்த அணி அது; 1957 பருவம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு பருவங்களில் தன் சொந்த மைதான ஆட்டங்கள் சிலவற்றை அது ஜெர்சி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் ஆடியது. அதே மைதானத்தில்தான் 1946 ஏப்ரல் 18 அன்று, பல பத்தாண்டுகளாக வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த கிளை லீக் ஒன்றில், டாட்ஜர்ஸின் கிளை அணியான மாண்ட்ரியாலுக்காக, கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். அவர் ஆட்டக்காரராக இருந்த காலத்தில் டாப்ஸ் வெளியிட்ட கடைசி அட்டை இந்த 1956 வரிசையின் 30ஆம் எண்.

அழகிலும் இந்த வரிசைக்கு ஈடாக நான் அதிகம் சொல்லமாட்டேன். கிடைமட்ட அமைப்பில், ஒருபுறம் ஆட்டக்காரரின் பெரிய முகமும் பின்னணியில் ஆட்டக்காட்சியும், பின்புறத்தில் மூன்று கட்டக் கேலிச்சித்திரமுமாக அமைந்தவை இவை. டாப்ஸின் பெரிய அளவு அட்டைகளில் கடைசியும் இவையே, ஏனெனில் 1957 முதல் இன்றுள்ள சிறிய அளவு வந்துவிட்டது. வேடிக்கையான பிழைகளும் உண்டு: ஹேங்க் ஆரன் அட்டையின் பின்னணியில் சறுக்கிக்கொண்டு வருபவர் ஆரன் அல்லர், வில்லி மேஸ். முதல் 180 எண்களுக்குச் சாம்பல் நிறப் பின்புறம், வெள்ளைப் பின்புறம் என இரு வகைகள் இருக்கின்றன. தொடக்கத்தில் அந்த வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பணத்தைப் பிரிக்கும் விதம் பற்றி என் யோசனை இது. முதல் இருநூறு டாலரில் பெயர்பெறாத ஆட்டக்காரர்களின் அட்டைகளை மட்டும் வாங்குங்கள். நடுத்தர நிலையில் உள்ள அத்தகைய அட்டைகள் பலவும் பத்து டாலரையொட்டிக் கிடைக்கும்; அவற்றைப் போலி செய்து யாருக்கும் லாபமில்லை என்பதால் பெரும்பாலும் அசலாகவே இருக்கும். அவற்றைக் கையில் எடுத்துத் தாளின் கனத்தையும் மையின் மங்கலையும் வெட்டிய ஓரத்தின் சொரசொரப்பையும் பழகிக்கொண்ட பிறகு, அந்த அணியின் புகழ்பெற்றவர்களான கேம்பனெல்லா, பீ வீ ரீஸ், ட்யூக் ஸ்னைடர், அப்போது இருபது வயதேயான சாண்டி கோஃபேக்ஸ் ஆகியோர் அட்டைகளுக்குப் போகலாம். சில நூறு டாலர் கேட்கக்கூடிய ராபின்சன் அட்டை கடைசியில் வரட்டும். பெரிய பெயரை முதலில் வாங்கிவிட்டுச் சிறியவற்றால் நிரப்புவது பலருடைய வழக்கம். அப்படிச் செய்தால், மிக அதிகமாகச் செலவிடும் நாளில் உங்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும்.

அட்டையின் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலையில் பாதிக்கு மேல் அதைச் சார்ந்ததுதான். நான்கு மூலைகளின் கூர்மை, ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் அளவு ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். இந்த அட்டைகள் சிறுவர்களுடையவை. சூயிங்கத்தோடு வந்தன, சட்டைப்பையில் இருந்தன, ரப்பர் பேண்டால் கட்டப்பட்டன. 1952 வரிசையின் முதல் எண்ணான ஆண்டி பாஃப்கோ அட்டை நல்ல நிலையில் அபூர்வமாகிப்போனதற்குக் காரணம், கட்டின் மேலே இருந்து ரப்பர் பேண்டின் நெருக்கலைத் தாங்கியது அதுதான் என்பதே. எனவே தேய்மானம் என்பது குற்றமன்று. மழுங்கிய மூலையும் மெல்லிய மடிப்பும் கொண்ட, ஆனால் யாரும் கை வைத்துத் திருத்தாத அட்டையை, பளிச்சென்று சந்தேகம் தரும் அட்டைக்கு மேலாகவே நான் மதிப்பேன். வெட்டிச் சீர்செய்த ஓரம், மையிட்டு மறைத்த தேய்வு, ஈரமாக்கி அழுத்திய மடிப்பு, வெளுக்கவைத்த கறை ஆகிய நான்கையும் தவிருங்கள். வாங்குபவரிடம் சொல்லாமல் விற்றால் அது மோசடி. ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்ததால் பின்புறத்தில் தாள் உரிந்த அட்டைகள் மலிவாகக் கிடைக்கும். முன்புறம் நன்றாக இருந்தால் உங்களைப் போன்றவருக்கு அவை நல்ல பேரமே.

தரச்சான்று நிறுவனங்களில் பி.எஸ்.ஏ. 1991 முதலும், எஸ்.ஜி.சி., பெக்கெட் ஆகியவை 1990களின் பிற்பகுதியிலிருந்தும் இயங்குகின்றன. அட்டையை ஆராய்ந்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவது அவற்றின் பணி. நூறு டாலருக்கு மேற்பட்ட அட்டைகளைச் சான்றோடு வாங்குவதும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றைச் சான்றின்றி வாங்குவதும் தொடக்கநிலைக்குப் போதுமான விதி. பத்து டாலர் அட்டையைச் சான்றுக்கு அனுப்பினால் கட்டணம் அட்டையின் விலையைத் தாண்டிவிடும். உறையில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்குள்ள விவரமும் படமும் கையிலுள்ள அட்டையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள், ஏனெனில் உறையையும் போலியாகச் செய்கிறார்கள். சான்றும் இறுதித் தீர்ப்பன்று. பி.எஸ்.ஏ. முதன்முதலில் சான்றளித்த அட்டை, ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991இல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கிய ஹோனஸ் வாக்னர். அதற்கு 8 என்ற உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. தாம் அதன் ஓரங்களை வெட்டிச் சீர்செய்ததாக, அதை முன்பு கைமாற்றிய ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் தம் மீதான மோசடி வழக்கில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் அதன் புகழ் மங்கவில்லை என்பது வேறு விஷயம். உங்கள் அட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

சான்றில்லாத அட்டையை நீங்களே சோதிக்க மூன்று பொருள்கள் போதும்: பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கி, நல்ல அளவுகோல், புற ஊதா டார்ச்சு. உருப்பெருக்கியில் பார்த்தால் அசல் அட்டையின் படம் வண்ணப் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும். பெயரும் கோடுகளுமோ முழு மையில் விளிம்பு கலையாமல் இருக்கும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியில் எழுத்துகளும் புள்ளிகளாகச் சிதறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தாளைப் பளிச்சென்று காட்டும் வேதிப்பொருள்கள் காகிதத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்டன. எனவே போருக்கு முந்தைய அட்டை என்று சொல்லப்படும் ஒன்று புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1956 அட்டைகளுக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. இங்கேதான் முதலில் வாங்கிய பத்து டாலர் அட்டைகள் பயன்படும். சந்தேகத்துக்குரிய அட்டையை அதே வரிசையின் அசல் அட்டைகள் நான்கைந்தின் பக்கத்தில் வைத்து, ஒரே ஒளியில் ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். ஒளிரவில்லை என்பதால் மட்டும் அசல் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பழைய வெற்றுத்தாளைத் தேடிப் பிடித்துப் போலி அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள்.

வாங்குமிடங்களில் என் முதல் விருப்பம் அட்டைக் கண்காட்சிகள். ஹோட்டல் அரங்குகளிலும் சமுதாயக் கூடங்களிலும் வார இறுதியில் நடக்கும் சிறு கண்காட்சிகளில் அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், ஐந்தாறு அட்டைகளைச் சேர்த்து எடுத்து விலை குறைத்துக் கேட்கலாம். அப்படிக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவன்று. 1980 முதல், 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் கோடையில் ஏதேனும் ஒரு நகரில் நடந்துவரும் தேசியக் கண்காட்சி மிகப் பெரியது. அதற்கு அடுத்த ஆண்டு போனால் போதும். ஈபேயில் வாங்குவதானால், கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவர் உண்மையில் கொடுத்த தொகையே விலை. ஏல நிறுவனங்களில் நீங்கள் கேட்ட தொகைக்கு மேல் இருபது சதவீதத்தையொட்டி வாங்குவோர் கட்டணம் சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய உறைக்குள் அட்டையை இட்டு, அதை டாப்லோடர் எனப்படும் கெட்டியான உறைக்குள் செருகுங்கள். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் அட்டைகளுக்குப் பெரிய அளவு உறை தேவை என்று கடையில் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் செருகும்போதே மூலை மடியும். பி.வி.சி. கலந்த பழைய ஆல்பத் தாள்கள் நாளடைவில் மையைக் கெடுக்கும். நியூஜெர்சி வீடுகளின் பேஸ்மென்ட் கோடையில் ஈரமேறும், மேல்தளப் பரண் கொதிக்கும். படுக்கையறை அலமாரியே சரியான இடம். ஒட்டிய அழுக்கைத் துடைக்க ஈரத்துணியை எடுக்கவே வேண்டாம்.

கடைசியாகக் கல்லூரிச் செலவு. அதற்கென்றே 529 எனப்படும் வரிச்சலுகைச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அட்டைகளை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெருந்தொற்றின்போது 2020, 2021 ஆண்டுகளில் விலைகள் திடீரென ஏறின. உச்சத்தில் வாங்கிய பலர் பிறகு நஷ்டத்தோடு நின்றார்கள். பெருவீரர்களின் 1950களின் அட்டைகள் நீண்ட காலத்தில் மதிப்புக் கூடியிருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் நகைக்குக் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பக் கிடைக்காததைப் போலவே, இங்கும் கடைக்காரரின் லாபமும் ஏலக் கட்டணமும் கழிந்த பிறகே உங்கள் கைக்குப் பணம் வரும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றாலும், சேகரப் பொருள்களின் லாபத்துக்கு அமெரிக்க மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம்; பங்குகளுக்கு அந்த உச்சவரம்பு 20 சதவீதம்தான். ஆகவே வாங்கிய நாள், விலை, விற்றவர், சான்று எண் ஆகியவற்றை முதல் அட்டையிலிருந்தே ஒரு பதிவேட்டில் எழுதி, ரசீதுகளையும் இருபுறப் படங்களையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டில் இத்தகைய பொருள்களுக்கு வரம்பு இருப்பது வழக்கம் என்பதால், சேகரம் சில ஆயிரம் டாலரைத் தாண்டும்போது உங்கள் காப்பீட்டு முகவரிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டித் தனிச் சேர்க்கை தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.